அந்தச் சிவப்பு வானத்தில் இருப்பதுதான்

கணியம்பாடி,
தை மாதம்.

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்ட செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நான் அனுப்பிய ஓரியன் நெபுலாவின் (ஓரியன் விண்மீன் கூட்டத்திலுள்ள வாயு மேகம்) படத்தைப் பார்த்துவிட்டு, அந்தச் சிவப்பு கணினியில் பூசியதா என்று கேட்டிருக்கிறாய். காவலூர் வானாய்வகத்தில் நாம் சேர்ந்து பார்த்தபோது அது சாம்பல் நிறப் புகையாகத் தெரிந்ததால் உனக்கு அந்த ஐயம் வந்திருக்க வேண்டும்.

நிறம் பூசியதல்ல. மங்கிய ஒளியில் நம் கண்ணின் நிறம் அறியும் செல்கள் வேலை செய்வதில்லை. திருவாதிரை நட்சத்திரம் போதிய ஒளியோடு இருப்பதால்தான் அதன் செம்மை வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. நெபுலாவின் நடுவிலுள்ள இளம் நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிர்கள் ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன; அவை மீண்டும் அணுவோடு சேர்ந்து படிப்படியாக இறங்கும்போது 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பு ஒளி பிறக்கிறது. சாதாரண கேமராவின் உணரிக்கு முன்னுள்ள வடிகட்டி அந்த ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது என்பதால், நீ பார்த்தது உள்ளதைவிடக் குறைந்த சிவப்பு என்றே சொல்வேன்.

படம் எடுத்தது தை அமாவாசை இரவில், எங்கள் மொட்டை மாடியில், 80 மில்லிமீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு. தொலைநோக்கியைத் தாங்கும் மோட்டாரின் அச்சு, வானம் சுற்றுவதாகத் தெரியும் மையமான வான்துருவத்தை நோக்கியிருந்தால்தான் நட்சத்திரங்கள் கோடாக இழுபடாமல் புள்ளியாகப் பதியும். நம் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் 13 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. அதுவும் வேலூர் நகரத்தின் வெளிச்சத்துக்குள், பக்கத்து வீட்டுத் தென்னைக்குப் பின்னால். ஓலை அசையும் இடைவெளியில் அதைப் பிடித்து அச்சைச் சரிசெய்யவே ஒரு மணி நேரம் ஆயிற்று. நெபுலாவோ தெற்கில் உச்சிக்கு அருகே, இருள் மிகுந்த பகுதியில் இருந்தது.

ஒரு நிமிடப் படங்களாகத் தொண்ணூறு எடுத்தேன். அவற்றை அடுக்கிச் சராசரி எடுத்தால், படத்தில் தாறுமாறாகத் தோன்றும் புள்ளிகளான இரைச்சலோடு ஒப்பிடுகையில் ஒளி ஏறத்தாழ ஒன்பதரை மடங்கு தெளிவடைகிறது. நடுப்பகுதி மட்டும் அதிக ஒளியால் வெளுத்துப்போனதால், அங்குள்ள நான்கு நட்சத்திரங்களுக்காக ஐந்து நொடிப் படங்களைத் தனியாக எடுத்துச் சேர்த்தேன். இடையில் கண்ணாடியில் பனி படிந்து அரை மணி நேரம் வீணானது இன்னும் வருத்தமாக இருக்கிறது.

1883இல் ஆண்ட்ரூ காமன் என்ற ஆங்கிலேயர் தம் வீட்டுத் தோட்டத்திலிருந்தே இந்த நெபுலாவைப் படமெடுத்தார். தொலைநோக்கி வழியாகக் கண்ணால் காண முடியாத நட்சத்திரங்கள் அந்தப் படத்தில் பதிந்திருந்தன. கண் ஒளியைச் சேமிப்பதில்லை, படம் பதியும் தகடு சேமிக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மாசி அமாவாசைக்கு வருவாயா? கேமராவின் வடிகட்டியை அதற்குள் கழற்றிவிட எண்ணியிருக்கிறேன். அதே நெபுலாவை மறுபடி எடுத்து, இரண்டு படங்களையும் உன் முன்னால் வைத்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
கதிரவன்