செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், யாராவது சொல்லிவிடுங்கள்.

நம் இசைத்தட்டு கேட்போர் மன்றத்தில் இந்த ஆண்டு பதினொரு மாதக் கூட்டங்கள் நடந்தன. டிசம்பர் கூட்டத்தை மழை கொண்டுபோனது. மே மாதம் பழைய திரைப்பாடல் மாலை. நல்ல கூட்டம், சுண்டலும் இருந்தது. ஆயுத பூஜைக்கு ரெக்கார்டு பிளேயருக்குப் பொட்டு வைத்தோம்.

ஆகஸ்ட் கூட்டத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். வெளியே வேறு மாதிரி பேச்சு அடிபடுகிறது.

நம்மில் யாருமே கேட்டிராத ஒரு எல்பி தட்டை முதல் தடத்திலிருந்து கடைசித் தடம் வரை, நடுவில் தாவாமல், எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லி வந்தேன். செயற்குழுவில் “பார்க்கலாம்” என்றார்கள். பார்க்கலாம் என்றால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். கடைசியில் நானே வாங்கிவந்தேன். பீட்டில்ஸ் இசைக்குழுவின் கிட்டார்காரர் ஜார்ஜ் ஹாரிசனின் முதல் தனி ஆல்பம் ‘ஒண்டர்வால் மியூசிக்’, 1968. பீட்டில்ஸின் ஆப்பிள் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட முதல் ஆல்பமும் அதுதான். 1970-இல் வந்த மூன்று தட்டு ஆல்பம்தான் அவருடைய முதலாவது என்று நானே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் இருவர் கீழே நூலகத்துக்கு வந்து மாடி ஏறிவிட்டவர்கள்.

ஊசியை இறக்கியதும் ஷெனாய். பின்வரிசையில் நம் மூத்த உறுப்பினரான நாயனக்கார ஐயா, “நம்ம வாத்தியம் இல்லீங்க, வடக்கத்தி” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பொருளாளர் ஒவ்வொரு தடம் முடியும்போதும் “எப்போ சார் பாடுவாரு?” என்று கேட்டார். ஹாரிசன் பாடவே இல்லை. அது ஒரு படத்துக்குப் போட்ட பின்னணி இசை. காட்சிகளை ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்துகொண்டு, பாதியை லண்டனிலும் மீதியை 1968 ஜனவரியில் பம்பாயில் எச்எம்வி இசைத்தட்டுக் கம்பெனியின் ஸ்டுடியோவிலும் பதிவு செய்திருக்கிறார். அவருக்காக ஸ்டீரியோ மெஷினைக் கல்கத்தாவிலிருந்து ரயிலில் கொண்டுவந்தாராம் அந்தக் கம்பெனியின் பாஸ்கர் மேனன். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்கிறார்கள். படித்துவிட்டு வந்தால் அது முதல் முறை கேட்பது ஆகுமா?

ஒன்றை மட்டும் சொல்லிவைத்திருந்தேன். அந்த ஸ்டுடியோ அலுவலகங்களுக்கு மேலே இருந்தது, தெருச் சத்தத்துக்குத் தடுப்பு கிடையாது, உற்றுக் கேட்டால் டாக்ஸி போவது கேட்கும் என்று ஹாரிசனே சொல்லியிருக்கிறார். அதைச் சொன்னது தப்பாகிவிட்டது. ஒரு ஹாரன் கேட்டதும் அது பம்பாயா, நம் தெருவா என்று ஐந்து நிமிடம் தகராறு. ஜன்னலைச் சாத்தினேன். அப்புறமும் கேட்டது.

முதல் பக்கம் முடியப் போகும் நேரம். ஆஷிஷ் கான் வாசித்த சரோத், வடக்கத்தித் தந்தி வாத்தியம், ஒன்றேகால் நிமிடம்தான், ஓட்டமாக ஓடியது. ஐயா கண்ணைத் திறந்தார். விரல்கள் முழங்காலில் தாளம் போட ஆரம்பித்தன. “கீரவாணி” என்றார். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் ‘கத் கீர்வானி’ என்றே போட்டிருக்கிறது! இங்கிருந்து வடக்கே போன ராகம், அங்கே ஒரு லிவர்பூல்காரர் தட்டில் ஏறி, நம் மாடிக்கே வந்து சேர்ந்திருக்கிறது. இன்னொரு தரம் போடச் சொன்னார் ஐயா. தாவக் கூடாது என்று விதி வைத்தவன் நான். ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்தவனும் நான்தான். ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாம் பக்கத்துக்கு ஆறு பேர் இருந்தோம். கடைசித் தடத்தில் சில குரல்கள் ஓம் என்று இழுத்தன. “இதுதானா பாட்டு?” என்றார் பொருளாளர்.

இனி விலை. தட்டு ரூ. 3,900. பாட்டே இல்லாத தட்டுக்கு நாலாயிரமா என்று முணுமுணுத்தவர்களில் மூவர் அன்று வரவில்லை, இருவர் 2023-இலிருந்து சந்தா கட்டவில்லை. மொத்தம் பதினொரு பேர் பாக்கி. பெயர் சொல்வது மரபல்ல. பட்டியல் என் சட்டைப் பையில் இருக்கிறது.

வரவும் செலவும் ஏறக்குறைய சமம். சிறிது துண்டு விழுந்தது, தற்போதைக்கு நான் போட்டிருக்கிறேன். விவரம் பொருளாளர் நோட்டில் இருக்கிறது. நோட்டு அவர் வீட்டில் இருக்கிறது.

மாடியைத் தந்த நூலகத்தாருக்கும், ஆம்ப்பைச் சுமந்து ஏற்றிய இளைஞர்களுக்கும், டீ போட்ட அம்மாவுக்கும், தலைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் வேறு யாராவது இந்தப் பொறுப்பை ஏற்றால் எனக்கு வருத்தமில்லை. பிளேயர் ஊசி தீபாவளி வரை தாங்கும் என்று அவருக்குச் சொல்லிவைக்கிறேன். ஒருவேளை நானே தொடர நேர்ந்தால், அந்த மூன்று தட்டு ஆல்பத்தைப் போடலாம் என்று எண்ணம். அதில் ஹாரிசன் பாடுகிறார். ஆனால் மூன்றாவது தட்டு பெரும்பாலும் வாசிப்புதான். அதை இப்போதே சொல்லிவிட்டேன்.

செயலாளர்