முதல்வருக்கு மட்டும்தான் உரிமையா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓர் அமைச்சரை வைத்திருப்பதும் நீக்குவதும் முதல்வரின் உரிமை, அதில் பிறர் சொல்ல ஒன்றுமில்லை என்று சென்ற வாரத் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். நெடுங்கால வாசகன் என்ற உரிமையில் கேட்கிறேன்: அந்த வரியை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நான் வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டு மனை வாங்கியபோது முறைப்படி துறைக்குத் தெரிவித்தேன். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் குறிப்பாணை வந்தது. அம்மாவின் வளையலை அடகு வைத்த ரசீதின் நகல்வரை இணைத்துக் கொடுத்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. அரசுச் சம்பளம் வாங்குபவன் கணக்குக் காட்டத்தான் வேண்டும்.

அமைச்சர்களுக்கும் நடத்தை விதிகள் உண்டு என்பது தாங்கள் அறியாததல்ல. ஊழல் தடுப்புக்கான சந்தானம் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 1964-இல் மத்திய அரசு வகுத்தவை அவை. மாநில அமைச்சர் தம் சொத்து, கடன் விவரத்தை ஆண்டுதோறும் முதல்வரிடம் தர வேண்டும். அதை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று அந்த விதிகள் சொல்லவில்லை. விதியை மீறினாரா என்று பார்க்க வேண்டியவரும் அதே முதல்வர்தான். சுற்றுப்பயணத்தில் ஆடம்பர விருந்துகளைக் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் அமைச்சர் வருகிறார் என்றாலே சாப்பாட்டுக்கும் சால்வைக்கும் மேசை மேசையாக வசூல் நடக்கும். மாதக் கடைசியில் அலுவலக உதவியாளர் ஒருவர் என்னிடம் கைமாற்று வாங்கி அந்த வசூலுக்குக் கொடுத்தார். இதைக் கேட்க எந்த நிருபரும் வந்ததில்லை.

அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் பணியிடை நீக்கம் செய்யப்பட்டவராகவே கருதப்படுவார். 2023 ஜூனில் கைதான செந்தில்பாலாஜியோ எட்டு மாதம் காவலில் இருந்தபடியே இலாகா இல்லாத அமைச்சராக நீடித்தார். ஜாமீனில் வந்த சில நாட்களில் மறுபடியும் அமைச்சரானார். பதவியா, ஜாமீனா என்று உச்ச நீதிமன்றம் கேட்ட பிறகே 2025 ஏப்ரலில் விலகினார். குற்றம் நிரூபணமாகவில்லையே என்பீர்கள். 48 மணி நேரத்தில் வேலையை விட்டு நிறுத்தப்படும் எழுத்தர் மீது மட்டும் நிரூபணமாகிவிட்டதா? இதில் கட்சி பேதமும் இல்லை. 2001-இல் தண்டனை பெற்றிருந்த ஜெயலலிதா முதல்வராக நியமிக்கப்பட்டது செல்லாது என்றும் நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் அரியலூரில் 1956 நவம்பரில் ரயில் ஆற்றில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். தண்டவாளத்தை அவரா பராமரித்தார்? என் துறையில் நடந்தது, நான் பொறுப்பு என்றார். அப்படிப்பட்டவர் பெயர் இன்றும் சொல்லப்படும் ஊரில் உட்கார்ந்துகொண்டு உங்கள் வரியைப் படிக்க நேர்ந்தது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அமைச்சர்களுக்கான அந்த நடத்தை விதிகளை முழுமையாகத் தமிழில் வெளியிடுங்கள். அதிகம் போனால் ஒரு பக்கம் வரும். ஞாயிற்றுக்கிழமை இதழில் வெளியிட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்,
அரியலூர்.