கை நடுக்கம் நின்றால் சிகிச்சை முடிந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 மார்ச் இறுதியில் கொரோனா ஊரடங்கால் டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டபோது குடிநோய்ச் சிகிச்சைக்கு வந்தவர்களில் பலர், குடியை விட்டே தீருவது என்று முடிவெடுத்து வந்தவர்கள் அல்லர். சரக்கு கிடைக்காமல், உடம்பு தாங்காமல் வந்தவர்கள்.

தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், குமட்டும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில்தான் ஆபத்து அதிகம். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்டுவார், போர்வையைப் பிய்ப்பார், பெற்ற பிள்ளையைக் கூட அடையாளம் தெரியாது. காய்ச்சலும் அடிக்கும். அந்தக் காய்ச்சலைக் கொரோனா என்று மட்டும் எண்ணித் தனி அறையில் விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

மருத்துவமனையிலும் ஒரு தவறு நேரும். சோர்ந்து வருபவருக்கு உடனே குளுக்கோஸ் ஏற்றிவிடுகிறார்கள். நீண்ட நாள் குடித்தவர் உடலில் தயமின் (வைட்டமின் பி1) வற்றியிருக்கும். குளுக்கோஸ் மிச்சத்தையும் தீர்த்துவிடும். பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடலாம். முதலில் தயமின் ஊசி, பிறகே குளுக்கோஸ். நடுக்கத்துக்கு டயசெபாம் போன்ற மாத்திரை. கல்லீரல் கெட்டிருந்தால் லோரசெபாம். மருத்துவர் மேற்பார்வையில் ஒரு வாரம் போல அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வீட்டில் தாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

கூலி நின்றதும், நாள் முழுக்க வீட்டார் கண்முன் இருந்ததும் சிலரை அழைத்து வந்தன. புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் ஷேவிங் லோஷனைக் குடித்த மீனவர்கள் இறந்த செய்தி பல குடும்பங்களை உலுக்கியது. கேரள அரசோ மருத்துவர் சீட்டுக்கு மது தரலாம் என்றது; ஏப்ரல் 2 அன்று உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அந்தத் தடை சரியானதே. மாத்திரையால் தீர்க்கக்கூடிய நடுக்கத்துக்கு மதுவையே மருந்தாக்குவது எந்த வகையில் நியாயம்?

மே 7 அன்று இங்கே கடைகள் திறந்தன. நடுக்கம் ஒரு வாரத்தில் நின்றுவிட்டது. வரவழைத்த காரணமும் அதோடு போய்விட்டது. மறுபடி வரவேண்டிய தேதி எழுதித் தராமல், மனைவியையோ அம்மாவையோ உட்காரவைத்துப் பேசாமல் அனுப்பியவர்கள் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்கள்?

இனி கடைகளை மூட நேர்ந்தால், மூடும் ஆணையிலேயே, தாலுகா மருத்துவமனைதோறும் படுக்கை, தயமின் ஊசி, மாத்திரை இருப்பு, டெலிமானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி எண் 14416 பற்றிய அறிவிப்பு ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். மூடுவதற்கு இரண்டு நாள் முன்பே மருந்து போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

- போதை மீட்புப் பிரிவுச் செவிலியர்கள், திருச்சி