பாரியோ விமானத்தில் ஊர்க்காரர்களுக்கு இடம் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மலேசியாவின் சரவாக் மாநில அரசு 2025 பிப்ரவரியில் மாஸ்விங்ஸ் என்ற உள்ளூர் விமான நிறுவனத்தை வாங்க ஒப்பந்தம் போட்டு, தன் விமான நிறுவனத்துக்கு ஏர்போர்னியோ என்று பெயரும் வைத்தது. வெளியூர்ச் சேவை, ஜெட் விமானம் என்றே பேச்சு போகிறது. சரி, அவையும் வரட்டும். நான் பாரியோவுக்காக எழுதுகிறேன்.

கெலாபிட் மேட்டுநிலத்தில், சுமார் 1,000 மீட்டர் உயரத்தில், இந்தோனேசிய எல்லையோரம் காடு சூழ்ந்த ஊர் அது. மீரி நகரத்திலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. மரம் வெட்டுவதற்காகப் போட்ட மண் சாலையில் போனால் 10 மணி நேரத்துக்கு மேல். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் நிச்சயமில்லை.

வந்து போவது ட்வின் ஓட்டர் என்ற சின்ன விமானம், 19 இருக்கை. ஏறும் முன் பெட்டியோடு ஆளையும் நிறுக்கிறார்கள். மேட்டில் காற்று லேசு, எடை கூடினால் விமானம் எழும்பச் சிரமப்படும். அதனால் எல்லா நாளும் 19 பேரை ஏற்ற முடியாது. மீரியில் இருக்கும் மகனுக்குப் பாரியோ அரிசி கொண்டுபோக வந்த பெரியவர் ஒருவர், எடையைக் குனிந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் சாக்கை அவிழ்த்துப் பாதி அரிசியை வேறு பையில் அள்ளியதை அங்கே வேலை பார்த்த காலத்தில் கண்டேன். அவருக்காவது இருக்கை கிடைத்தது.

ஜூலையில் பாரியோவின் நுகெனென் உணவுத் திருவிழாவுக்கு வரும் சுற்றுலாப் பயணி மாதக்கணக்கில் முன்னதாகவே டிக்கெட் எடுத்துவிடலாம். நோயாளியால் அது முடியுமா? உயிருக்கு ஆபத்து என்றால் ஹெலிகாப்டரை அழைக்கலாம். ஆனால் கண் பரிசோதனை, கர்ப்பிணிக்கு ஸ்கேன் என்று கிளினிக்கில் மீரிக்கு எழுதிக் கொடுத்தால், சாதாரண விமானத்தில்தான் போயாக வேண்டும். மேகம் இறங்கி ஒரு நாள் விமானம் ரத்தானால், அடுத்த விமானத்தில் ஏற்கெனவே ஆள் நிறைந்திருக்கும்.

இந்தச் சேவை 2006இல் ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போய், 2007இல் மாஸ்விங்ஸுக்கு வந்தது. இப்போது மறுபடியும் கை மாறி ஏர்போர்னியோவிடம் வந்திருக்கிறது. பொதுப்பணத்தில் மானியம் பெற்று ஓடும் சேவை இது. ஊர்க்காரர்களுக்குத்தான் முதல் உரிமை. ஒவ்வொரு விமானத்திலும் சில இருக்கைகளை முந்தின நாள் மாலைவரை நோயாளிகளுக்கும் உள்ளூர் மக்களுக்கும் ஒதுக்கி வையுங்கள். யாரும் கேட்கவில்லை என்றால் அப்புறம் விற்றுக்கொள்ளுங்கள். கவுண்டரில் இருப்பவரின் இரக்கத்தை நம்பி விடாமல், இதை விதியாகவே எழுதி வைக்க வேண்டும். பாரியோவுக்கு மட்டுமல்ல, பாக்கெலாலான், லோங் லெல்லாங், லோங் பங்கா ஊர்களின் ஓடுபாதைகளுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
பாரியோவில் பணியாற்றிய ஓர் ஆசிரியர்