பிடிபட்ட மாலுமிக்கு எந்த நாடு பொறுப்பு?

சர்வதேச கடல்சார் அமைப்பின் உறுப்பு நாடுகளுக்கு,

வணக்கம். கடல் பாதுகாப்பு பற்றி நீங்கள் கூடிப் பேசும்போதெல்லாம் போர்க்கப்பல், ரோந்து, ரேடார், தகவல் பரிமாற்றம் என்று பேச்சு நீள்கிறது. அதெல்லாம் வேண்டியதுதான். 2008 வாக்கில் ஏடன் வளைகுடாவில் கப்பல்கள் அடுத்தடுத்துக் கடத்தப்பட்டபோது ஐரோப்பிய ஒன்றியத்தின் அடலான்டா கடற்படை அணி வந்தது, இந்தியாவும் சீனாவும் ரஷ்யாவும் தத்தம் கப்பல்களை அனுப்பின. வேறு விஷயங்களில் முகம் கொடுத்துப் பேசாத நாடுகள்கூட அங்கே ஒரே பாதையைக் காவல் காத்தன. மலாக்கா நீரிணையிலும் கரையோர நாடுகள் கைகோத்த பிறகு நிலைமை மாறியது. இதை மனதார மதிக்கிறேன்.

நான் கேட்க வந்தது காவலையும் மீறி மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி.

ஆபத்தான கடலில் போகும் கப்பல்கள் பலவற்றில் சிட்டாடல் என்று ஒரு பாதுகாப்பு அறை இருக்கும். கொள்ளையர் ஏறிவிட்டால் மொத்த சிப்பந்திகளும் அதற்குள் ஓடி, இரும்புக் கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு, கடற்படையோடு தொடர்பில் இருக்க வேண்டும். ஒருவர் வெளியே சிக்கிவிட்டாலும் கமாண்டோக்கள் ஏறத் தயங்குவார்கள், ஏனென்றால் அவர் உயிர் போய்விடலாம். அந்த நிமிடத்திலிருந்து அது கடற்படையின் வேலையாக இருப்பதில்லை. அப்புறம் எல்லாம் பேரம்தான். பேரம் பேசுவது யார்? கப்பல் முதலாளி. அவருக்கு வசதியும் காப்பீடும் இருந்தால் சில மாதங்களில் விடுதலை கிடைக்கலாம். இல்லையென்றால்?

நஹாம் 3 என்ற மீன்பிடிக் கப்பலுக்கு நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஓமான் கொடி, அதாவது ஓமானில் பதிவான கப்பல்; முதலாளி தைவான். சிப்பந்திகள் சீனா, தைவான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, வியட்நாம், கம்போடியா நாட்டவர்கள். 2012 மார்ச்சில் 29 பேரோடு சோமாலியக் கொள்ளையரிடம் பிடிபட்டது. தாக்குதலிலேயே கேப்டன் இறந்தார். பின்னால் நோயில் இரண்டு பேர் போனார்கள். கப்பலும் மூழ்கியது. மிச்சமிருந்தவர்களைக் கரையில் காட்டுக்குள் வைத்திருந்தார்கள். பசிக்கு எலி பிடித்துச் சமைத்துத் தின்றதாக மீண்டு வந்தவர்கள் சொன்னார்கள். 2016 அக்டோபரில்தான் 26 பேர் வெளியே வந்தார்கள். நாலரை ஆண்டுக்கும் மேல்! அவர்களை மீட்கப் பாடுபட்டவர்களில் முக்கியமானது, ஜான் ஸ்டீட் என்ற ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி முன்நின்ற ஒரு சிறு குழு. இத்தனை நாடுகள் சம்பந்தப்பட்ட ஒரு காரியம் அப்படியொரு குழுவின் தலையில் விழுந்ததை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இது ஒன்று மட்டுமில்லை. பனாமா கொடியோடு போன ஐஸ்பெர்க் 1 கப்பலின் ஆட்கள் 2010 மார்ச் முதல் 2012 டிசம்பர் வரை, ஏறக்குறைய ஆயிரம் நாள் சிறைபட்டிருந்தார்கள். பஹாமாஸ் கொடி பறந்த கேலக்ஸி லீடரை 2023 நவம்பரில் செங்கடலில் யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் பிடித்தார்கள். ஐந்து நாடுகளைச் சேர்ந்த 25 பேர் வீடு திரும்ப 2025 ஜனவரி ஆகிவிட்டது. கொடி ஒரு நாடு, முதலாளி ஒரு நாடு, சரக்கு ஒரு நாடு, ஆள் இன்னொரு நாடு. லாபம் வரும்போது இந்த ஏற்பாடு எல்லோருக்கும் தோதாக இருக்கிறது. ஆள் மாட்டிக்கொண்டதும் ஒவ்வொருவரும் அடுத்தவர் பக்கம் கை காட்டுகிறார்கள்.

சட்டமே இல்லை என்று சொல்லவில்லை. கப்பலுக்கும் கொடி நாட்டுக்கும் உண்மையான தொடர்பு இருக்க வேண்டும் என்கிறது 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் 91ஆவது பிரிவு. மாலுமி கொள்ளையர் பிடியில் இருக்கும்வரை ஒப்பந்தமும் சம்பளமும் தொடர வேண்டும் என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2018இல் ஒரு திருத்தம் வந்து, 2020 டிசம்பரில் அமலுக்கும் வந்தது. நல்ல திருத்தம். ஆனால் அந்த உடன்படிக்கை மீன்பிடிக் கப்பல்களுக்குப் பொருந்தாது. நஹாம் 3இன் ஆட்கள் இன்று பிடிபட்டாலும் அது அவர்களுக்கு உதவாது. அதோடு, முதலாளியே கைவிட்டுப் போய்விட்டால் அந்தச் சம்பளத்தை யாரிடம் கேட்பது?

ஆகவே உங்களிடம் என் கோரிக்கை. முதலாளி ஒதுங்கிக்கொண்டால் பொறுப்பு தானாகவே கொடி நாட்டின் மேல் வர வேண்டும். பதிவுக் கட்டணம் வாங்கிய நாடு குடும்பத்துக்குச் சம்பளம் அனுப்பட்டும், பேச்சுவார்த்தைக்கு ஆள் வைக்கட்டும். சிறிய நாடு, சக்தி இல்லை என்றால் அதற்கென்று ஒரு பொது நிதி வையுங்கள். பதிவாகும் ஒவ்வொரு கப்பலிடமிருந்தும் ஒரு சிறு தொகை வாங்கினாலே அது தேறும். கடத்தல் நடந்த சில நாட்களுக்குள், எந்த நாடு பேசப்போகிறது என்று குடும்பங்களுக்குச் சொல்லிவிடுங்கள். ஆறு தூதரகங்களின் வாசலில் அவர்கள் அலைய வேண்டியதில்லை. மீன்பிடிக் கப்பல்களையும் இதில் சேருங்கள்.

வழக்கு பற்றியும் ஒரு வார்த்தை. அதே கடல் சட்ட உடன்படிக்கையின் 105ஆவது பிரிவு, கொள்ளையரைப் பிடித்த நாடு அவர்களை விசாரிக்கலாம் என்கிறது, விசாரித்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால் பிடித்த பலரைக் கடற்படைகள் கரையில் இறக்கிவிட்டுப் போயின. 2024 மார்ச்சில் கடத்தப்பட்ட ரூவன் கப்பலை மீட்ட இந்தியக் கடற்படை, அதிலிருந்த 35 கொள்ளையரையும் மும்பைக்குக் கொண்டுபோய்ப் போலீஸில் ஒப்படைத்தது. மற்றவர்களும் அப்படிச் செய்யலாம். ஆனால் வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் சாட்சி சொல்ல வேண்டிய மாலுமி வேறு கப்பலில் வேறு கடலில் இருப்பார். அவர் இருக்கும் துறைமுகத்திலிருந்தே வீடியோ வழியாகச் சாட்சி சொல்ல எல்லா நாடுகளும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் இதைத் தனிப் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். பிடிபட்டு மீண்டு வந்தவர்களில் சிலரை அங்கே அழைத்துப் பேசவும் விடுங்கள்.

இப்படிக்கு,
கடலில் வேலை செய்பவர்கள் மேல் அக்கறை கொண்ட ஒருவர்