சனிக்கிழமை வேணாம் கண்ணா

கண்ணா,

நேத்து ராத்திரி நீ போன்ல சொன்னதுல இருந்து எனக்கு சரியா தூக்கமே இல்ல, அதான் காபி போட்ட கையோட உக்காந்து டைப் பண்றேன், போன்ல சொன்னா ம் ம்னுட்டு வச்சிடுவ. கேம்பர் வேன 38,000 டாலருக்கு ஒருத்தர் கேக்குறாரு, சனிக்கிழமை சாயங்காலம் கேஷியர்ஸ் செக்கோட வந்து ஓட்டிட்டுப் போயிடுவாருன்னு சொன்ன. நல்ல விலைதான். ஆனா சனிக்கிழமை வேணாம்டா.

ஃப்ரீமான்ட்ல 14 வருஷம் பேங்க் கவுன்டர்ல உக்காந்தவ நான். கேஷியர்ஸ் செக்னா பேங்க்கே குடுக்குறது, ரொக்கம் மாதிரின்னு நீ நெனைக்கிற. நெஜ செக்கா இருந்தா சரி. போலி செக்க அவ்ளோ நல்லா அடிக்கிறாங்க, கையில வாங்கிப் பாத்தா எனக்கே சந்தேகம் வராது. நீ கொண்டு போய் போடுவ, ஒண்ணு ரெண்டு நாள்ல அக்கவுன்ட்ல பணம் தெரியும், உடனே வந்துடுச்சுன்னு நெனைச்சிடுவ. செக் போட்டவங்கள ரொம்ப நாள் காக்க வைக்கக் கூடாதுன்னு இங்க சட்டம் இருக்கு, அதனாலதான் பேங்க் காட்டுது, செக்கு பாஸாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. ரெண்டு மூணு வாரம் கழிச்சு கூட போலின்னு திரும்பி வரும், வந்தா பேங்க் உன் கணக்குல இருந்துதான் அந்தப் பணத்த எடுக்கும், வண்டி அதுக்குள்ள எந்த ஸ்டேட்ல இருக்கோ. போட் வித்த ஒரு பெரியவர் என் கவுன்டர் முன்னாடி நின்னு "பணம் வந்துச்சேம்மா, நானே பாத்தேனே"ன்னு திரும்பத் திரும்ப சொன்னாரு, அவருக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியல, அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கல.

அதனால செவ்வாய் புதன் மாதிரி ஒரு நாள், காலைல 10 மணிக்கு, அவரோட பேங்க் கிளைக்கு ரெண்டு பேரும் போங்க. டெல்லர் உன் கண்ணு முன்னாடி அந்த செக்க அடிச்சு நேரா உன் கையில குடுக்கட்டும், நடுவுல அவர் கைக்குப் போயி கவர்ல எல்லாம் வர வேணாம். இல்லனா அங்க இருந்தே வயர் பண்ணச் சொல்லு, அதான் அவர் பேங்க்ல இருந்து உன் கணக்குக்கு நேரா பணம் அனுப்புறது, இவ்ளோ பெரிய தொகைக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். சனி ஞாயிறு பேங்க் வயர் ஓடாது, சனிக்கிழமை வேணாம்னு நான் அடிச்சுக்கிறதுக்கு அதுதான் காரணம். வயர் வந்துச்சான்னு அவர் காட்டுற ஸ்க்ரீன்ஷாட்ட நம்பாத, ஈமெயிலயும் நம்பாத, உன் பேங்க்குக்கு நீயே கூப்பிட்டுக் கேளு. ரொக்கமா தரேன்னா பேங்க் உள்ளயே எண்ணி அங்கயே டெபாசிட் பண்ணு. 10,000 டாலருக்கு மேல போனா பேங்க் ஒரு ரிப்போர்ட் அனுப்பும், அது வழக்கமா பண்றது, நானே எத்தனையோ எழுதியிருக்கேன், அதுக்குப் பயந்து கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சுப் போடாத, அப்படிப் பிரிச்சுப் போடறதுதான் குத்தம். அப்புறம், 40,000க்கு செக் தரேன், மீதிய வண்டி தூக்க வர்ற டிரக் காரனுக்கு அனுப்பிடுங்கன்னு சொன்னா அதோட பேச்ச நிறுத்திடு. அது திருட்டேதான்.

பேங்க்ல வச்சு முடிக்கலாம்னு சொல்லி அதுக்கு வர மாட்டேன்னா அந்த ஆள் போகட்டும், வேற ஆள் வருவான்.

இப்ப டைட்டில், அதான் வண்டி யாருதுன்னு காட்டுற பத்திரம், பிங்க் ஸ்லிப்னும் சொல்வாங்க. லோன் கட்டி முடிச்சிட்டேன்னு சொன்ன, அது கையில இருக்கா? கலிஃபோர்னியால நெறைய லோன் கம்பெனி அத எலக்ட்ரானிக்காதான் வச்சிருப்பாங்க, அவங்க விடுவிச்சதும் டிஎம்வி, அதான் வண்டிப் பதிவு ஆபீஸ், பேப்பர் அடிச்சு தபால்ல அனுப்பும், அது வராம வண்டிய விக்கப் போகாத. பேப்பர் இருந்தா லோன் குடுத்தவன் பேர் இன்னும் அதுல இருக்கான்னு பாரு, இருந்தா அவன் கையெழுத்து வேணும். உங்க ரெண்டு பேர் பேருக்கு நடுவுல "அண்ட்"னு இருந்தா மருமகளும் கையெழுத்துப் போடணும், "ஆர்"னு இருந்தா ஒருத்தர் போதும். அவ டல்லாஸ்ல இருந்து எப்ப வரான்னு கேட்டுட்டு நாள் குறி. வெட்டித் திருத்தல் எதுவும் கூடாது, வொயிட்னர் கிட்டயே கொண்டு போகாத. வாங்குறவர் பேர் எழுதற எடத்த காலியா விடுங்கன்னு கேப்பாங்க, பில்ல விலைய குறைச்சு எழுதுங்க டேக்ஸ் மிச்சம்னு கேப்பாங்க, ரெண்டுக்கும் மாட்டேன்னு சொல்லு, கையெழுத்து உன்னுது. ஓடோமீட்டர்ல எவ்ளோ காட்டுதோ அதையே எழுது. உன் வேன் 2014 மாடல், பெட்ரோல் வண்டி, அதனால ஸ்மாக் சர்டிபிகேட், அதான் புகை டெஸ்ட் பாஸான சர்டிபிகேட், நீதான் தரணும், எடுத்தா 90 நாளைக்கு செல்லும். டைட்டில படம் எடுத்து யாருக்கும் முன்கூட்டியே அனுப்பாத.

பணம் வந்த அப்புறம்தான் கையெழுத்து, கையெழுத்துக்கு அப்புறம்தான் சாவி.

சாவி குடுத்த அன்னிக்கே ரிலீஸ் ஆஃப் லயபிலிட்டிய, அதான் வண்டிய வித்துட்டேன், இனி எனக்குப் பொறுப்பில்லன்னு சொல்ற அறிவிப்ப, டிஎம்வி சைட்ல போடு, 5 நாள் டைம்தான் இருக்கு. இத நான் அழுத்திச் சொல்றேன், ஏன்னா அப்பாவும் நானும் பழைய மினிவேன வித்தப்ப அத போடவே இல்ல, நம்பர் பிளேட் இங்க வண்டியோடயே போயிடும்ல, வாங்குன பையன் பேர மாத்தல, பார்க்கிங் டிக்கெட்டும் டோல் நோட்டீஸும் ஆறு மாசம் நம்ம வீட்டுக்கே வந்துச்சு. ஒவ்வொரு கவரையும் பிரிக்கும்போது அப்பாவுக்கு பிரஷர் ஏறும், அந்தப் பையன் யாரையாச்சும் இடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னுதான் எங்களுக்கு பயம். உன் வேன வாங்குறவர் லைசென்ஸ ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோ, பில்லுல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு காப்பி எடுங்க. இன்ஷூரன்ஸ ரிலீஸ் போட்டப்புறம் நிறுத்து, முன்னாடி இல்ல.

அந்த வேன்ல யோசெமிட்டிக்குப் போனப்ப குட்டி என் மடியில தூங்கினது ஞாபகம் வருது, விக்கிறது மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. சின்ன இட்லி குக்கர் சிங்க்குக்கு கீழ இருக்கு, எடுத்து வச்சிடு. அந்த ஆளுக்கு இன்னிக்கே மெசேஜ் பண்ணி செவ்வாய்க்கிழமைன்னு சொல்லு, என்ன சொன்னாருன்னு ராத்திரி கூப்பிடு, நான் முழிச்சிட்டுதான் இருப்பேன்.

அம்மா