ஆண்டறிக்கை 2024–25: கோடை முகாமும் தச்சுப் பட்டறையும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் குடியிருப்போர் நலச் சங்க உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயல்பாடுகளை உங்கள் முன் வைக்கிறேன். வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடலாம். செயற்குழு மாதந்தோறும் கூடியது. தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை மூடி பற்றி மாநகராட்சிக்குக் கொடுத்த மனுக்களில் விளக்கு வந்துவிட்டது, மூடி வரவில்லை. பொங்கல் விளையாட்டுப் போட்டிகள் எப்போதும்போல் நடந்தன. கயிறு இழுத்தலில் எப்போதும்போல் தகராறும் வந்தது. இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்குக் கூட்டத் தொடக்கத்திலேயே அஞ்சலி செலுத்திவிட்டோம்.

மீதி நேரத்தை மே மாதக் கோடை முகாமுக்கு எடுத்துக்கொள்கிறேன். அதை எப்படித் தொடர்வது என்று இன்றே முடிவு செய்ய வேண்டும். செயற்குழுவிலேயே ஒருமித்த கருத்து இல்லை.

முன்பெல்லாம் கோடை முகாம் என்றால் ஓவியம், கையெழுத்து, யோகா, சதுரங்கம். தச்சு வேலை நம் திட்டத்திலேயே கிடையாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையும் தாமிரபரணி வெள்ளமும்தான் அதைக் கொண்டுவந்தன. தண்ணீர் வடிந்த பிறகு நம் தெருக்களில் கட்டிலும் கதவும் அலமாரியும் குவிந்து கிடந்தது நினைவிருக்கும். துகள் பலகையில் செய்த அலமாரிகள் ஊறி உதிர்ந்தன. பிளைவுட் தாள் தாளாகப் பிரிந்தது. ஆனால் பழைய தேக்கு நிலைகளும் வேப்பமரக் கட்டில் சட்டங்களும் சேற்றைக் கழுவியதும் அப்படியே இருந்தன. குப்பை லாரி வருவதற்குள், நம் தெருவில் ஓய்வாக இருக்கும் மூத்த தச்சர் ஒருவர் அவற்றையெல்லாம் பொறுக்கிச் சங்கக் கொட்டகையில் சேர்த்துவிட்டார். நிழலில், ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே சட்டம் கொடுத்துக் காற்றோட்டமாக அடுக்கினார். கொட்டகையில் நாற்காலி போட இடமில்லை என்று பலர் என்னிடம் முறையிட்டீர்கள். நனைந்த மரம் மெல்லத்தான் காய வேண்டும், வெயிலில் போட்டால் வெடிக்கும் என்று அவர் சொன்னதால் நான் வாய் திறக்கவில்லை. ஏப்ரலில் மரம் காய்ந்தது. இவ்வளவு மரத்தையும் என்ன செய்வது என்று கேட்டபோது, "பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கேன்" என்றார் அவர்.

செயற்குழுவில் கடுமையான எதிர்ப்பு ஒன்று வந்தது. அது பதிவில் இருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன். 1953இல் தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர், "இது குலக்கல்வி இல்லையா?" என்று கேட்டார். ராஜாஜி கொண்டுவந்த அந்தத் திட்டத்தில் பள்ளி நேரம் குறைந்தது. மீதி நேரம் பிள்ளைகள் அப்பன் தொழிலைப் பழக வேண்டும். எதிர்ப்பு வலுத்து, 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அதைக் கண்ணால் பார்த்தவர் கேட்கும்போது சும்மா சிரித்து மழுப்ப முடியாது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு இரண்டு நிபந்தனைகள் எழுதினோம். ஒன்று, பிள்ளைகளைப் பெற்றோர் தொழில் பார்த்துச் சேர்க்கக் கூடாது; பெயர்களைக் குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும். இரண்டு, பையனோ பெண்ணோ எல்லோருக்கும் ஒரே வேலை. ஸ்வீடனில் ஆண் பெண் எல்லாருக்கும் கைவேலை இன்றும் பள்ளியில் கட்டாயப் பாடம்; அங்கே யாரும் அதை யாருடைய குலத்தோடும் சேர்த்துப் பார்ப்பதில்லை. மூத்தவர் நிபந்தனைகளைப் படித்துவிட்டு, "சரி, நடத்துங்க. நானும் வந்து பார்ப்பேன்" என்றார். வந்தார். பெரும்பாலான நாட்கள் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

தொடக்க விழாவில் தலைவர் டால்ஸ்டாய் பண்ணையைப் பற்றிப் பேசினார். 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே தன் நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கரில் காந்தி நடத்திய அந்தப் பண்ணையில் தமிழ்ப் பிள்ளைகளும் படித்தார்கள்; செருப்புத் தைப்பதோடு தச்சு வேலைக்கும் சிறு வகுப்பு இருந்தது. நல்ல செய்திதான். வெயில் ஏறுவதற்குள் முடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம் பட்டறை. பத்து வயது முதல் பதினான்கு வரை உள்ளவர்கள், காலை ஏழு மணியிலிருந்து பத்து வரை. மின்சாரக் கருவி எதையும் பிள்ளைகள் தொடக் கூடாது. கைரம்பம், உளி, கொட்டாப்புளி, சின்ன இழைப்புளி, மூலைமட்டம், அரம், உப்புத்தாள், இவ்வளவுதான். பெற்றோர் சிலர் உளியை மொட்டையாக்கிக் கொடுங்கள் என்றார்கள். தாத்தா (பிள்ளைகள் அவரை அப்படித்தான் அழைத்தார்கள்) ஒப்புக்கொள்ளவே இல்லை. மொட்டை உளியைப் பலம் கொடுத்து அழுத்த வேண்டும், அப்போதுதான் அது வழுக்கிக் கைக்கு வரும். கூரான உளி தட்டினால் தானே இறங்கும். தினமும் காலையில் வந்து எல்லா உளியையும் எண்ணெய்க் கல்லில் தீட்டி வைத்தார். இரண்டு கையும் உளியின் கூருக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும் என்பது முதல் விதி. அவர் தரையில் உட்கார்ந்து, கால் பெருவிரலால் கட்டையை அழுத்திக்கொண்டு செதுக்குவதைப் பார்த்துப் பிள்ளைகளும் அப்படியே உட்காரப் பார்த்தார்கள். அது மட்டும் நடக்கவில்லை. பழைய பெஞ்சுகளின் காலை அறுத்து, பிள்ளைகள் உயரத்துக்குக் கொண்டுவந்து, கட்டையைக் கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகே வேலை.

எந்த மரத்தைக் கொடுப்பது என்பதிலும் அவருக்குக் கணக்கு இருந்தது. பனைமரச் சட்டமான பனங்கையைத் தொடவிடவில்லை, அதன் சிராய் ஏறினால் ஊசி வைத்துத்தான் எடுக்க வேண்டும். பெயிண்ட் அடித்த பழைய கதவுகளை நான் ஒதுக்கச் சொன்னேன். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி பிள்ளைகள் மூச்சில்தான் போகும். மற்ற மரங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, காந்தத்தை ஓட்டி, உள்ளே கிடந்த ஆணிகளை எடுத்த பிறகே இழைக்கக் கொடுத்தோம். வெள்ளச் சேற்றின் மணல் ஒரு பொட்டு இருந்தாலும் இழைப்புளித் தகட்டின் கூர் போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்தது அளவெடுக்கும் நேரம். பிள்ளைகளுக்குத் தெரிந்தது சென்டிமீட்டர். தாத்தாவுக்குத் தெரிந்தது அங்குலமும் நூலும். எட்டு நூல் ஓர் அங்குலம். ஒருவன் ஸ்கேலை வைத்துக்கொண்டு, "தாத்தா, ரெண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி" என்றான். "அதெல்லாம் எனக்குத் தெரியாது யா, ஆறு நூல்னு சொல்லு" என்றார் அவர். பக்கத்தில் இருந்த ஏழாம் வகுப்புப் பெண் கொஞ்ச நேரம் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "ஆறு நூல்னா முக்கால் அங்குலம்!" என்று கத்தினாள். ஆறின்கீழ் எட்டைச் சுருக்கினால் மூன்றின்கீழ் நான்கு என்று பள்ளியில் அவள் படித்ததுதான். சட்டத்தின் மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் நான்கு அளந்து குறித்து, குறுக்கே ஐந்து வருகிறதா என்று நாடா பிடித்தார்கள். பித்தாகரஸ் பெயரைத் தாத்தா கேள்விப்பட்டதில்லை. கேட்டுவிட்டு, "அவரும் தச்சரா?" என்றார்.

செய்தவை மூன்று. முதலில் கிட்டிப்புள். வேப்பங்கம்பை அறுத்து இரு முனையையும் கூராக்கினால் போதும், முதல் நாளே கையில் ஒரு பொருள் இருக்கும். அன்று மாலையே புள் ஒன்று பறந்து பொருளாளர் வீட்டு ஜன்னலை உடைத்தது. செலவுக் கணக்கில் 'கண்ணாடி' என்று வருவது அதுதான். இரண்டாவது, ஆடுபுலி ஆட்டப் பலகை. மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்துமூன்று இடங்கள். கோடுகள் ஒன்றையொன்று சரியாக வெட்டாவிட்டால் ஆட்டமே நடக்காது என்பதால், அளவு தப்பியவர்களை யாரும் திட்ட வேண்டியிருக்கவில்லை. ஆடும்போது தானே தெரிந்தது. மூன்றாவது சிட்டுக்குருவிக் கூடு. வாசல் 32 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம் இரண்டு நூல். அந்த ஓட்டையை மட்டும் தாத்தாவே போட்டுக் கொடுத்தார். வாசலுக்குக் கீழே குருவி உட்காரக் குச்சி வைக்க எல்லாப் பிள்ளைக்கும் ஆசை. காக்கைக்கும் அது வசதி என்பதால் வைக்கவில்லை. உட்புறம் பெயிண்டும் இல்லை, இழைப்பும் இல்லை. சொரசொரப்பாக இருந்தால்தான் குஞ்சு நகம் பதித்து ஏறும். கூடுகள் இப்போது உங்கள் மாடிகளில் இருக்கின்றன. சிலவற்றில் குருவி வந்திருக்கிறது, ஒன்றில் எறும்பு குடியேறியிருக்கிறது.

இடையில் அம்பாசமுத்திரம் போய் மரச் சொப்புச் சாமான் கடைவதைப் பார்த்துவந்தோம். சுழலும் மரத்தில் அரக்குக் கட்டியை அழுத்தினால் உராயும் சூட்டிலேயே உருகி வண்ணம் ஏறுகிறது. பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் நாமும் கடைசல் இயந்திரம் வாங்கலாம் என்று ஒரே பேச்சு. இப்போதைக்கு அது முடியாது.

காயம் பற்றிக் கேட்பீர்கள். பஞ்சும் மருந்தும் வைத்துக் கட்டுப்போடும் அளவில் சின்னக் கீறல்கள் உண்டு. தையல் போடும்படி எதுவும் நடக்கவில்லை. ஒரு தச்சர் பார்வையில் ஆறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இனி இன்றைய முடிவுக்கு வருகிறேன். இடம் கிடைக்காத பிள்ளைகளின் பெற்றோர், அடுத்த முகாமில் எண்ணிக்கையைப் பல மடங்காக்கச் சொல்கிறார்கள். அதற்காக, அறுத்துத் துளைபோட்டுத் தயாராக வரும் பெட்டிகளை வாங்கி, பிள்ளைகள் திருகாணி மட்டும் முடுக்கினால் போதும் என்று செயற்குழுவில் ஒரு யோசனை இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. அளக்காமல், அறுக்காமல், ஒரு சட்டத்தையாவது வீணாக்காமல் கூடு செய்கிற பிள்ளை வீட்டுக்குக் கூட்டை மட்டும்தான் எடுத்துப் போகும். ஆறு பேருக்கு ஒருவர் என்ற விதியை வைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு தச்சர்களுக்கு நியாயமான கூலி கொடுத்து அழைப்போம். தாத்தா கூலி வேண்டாம் என்றார். அடுத்தவர்களிடம் அப்படி எதிர்பார்க்கக் கூடாது. அவர்களுக்கு அது பிழைப்பு.

வரவு செலவை அடுத்துப் பொருளாளர் வாசிப்பார். வெள்ளத்து மரம் முக்கால்வாசி தீர்ந்துவிட்டது. வீடு இடிக்கிறவர்கள் பெயிண்ட் அடிக்காத பழைய நிலை, உத்திரம், சட்டம் எதுவாக இருந்தாலும் விற்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம். கொட்டகைக் கூரையில் இரண்டு ஓடு உடைந்திருக்கிறது. மழைக்கு முன் மாற்ற வேண்டும்.

முகாமுக்கு இடமும் நேரமும் மரமும் தந்த அனைவருக்கும் நன்றி கூறி, இந்த அறிக்கையையும், தச்சர்களுக்கான கூலித் தொகைக்கான தீர்மானத்தையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்